1930 ஃபோர்டு மாடல் ஏ டியூடர்: ரூஃப் துணி அசல் மாதிரியே வேண்டும், எதை வாங்குவது?

மாடல்ஏ_சேலம்
அனைவருக்கும் வணக்கம். வண்டி 1930 மாடல் ஏ டியூடர் (இரண்டு கதவு) செடான், கனடா ஃபோர்டிலிருந்து வந்த வலது கை ஸ்டியரிங். டிங்கரிங் முடிந்து பாடி பிரைமரில் நிற்கிறது. ரூஃப் நடுவில் மரச்சட்டமும் ரீப்பரும் மட்டும் இருக்கின்றன, மேல் உறை இல்லை. பக்கவாட்டு நீர்வடிப் பட்டைக்கு அடியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்கூரைத் துணி இன்னும் மாட்டவில்லை.

குஷன் கடையில் பஸ் சீட்டுக்குப் போடும் ரெக்சினே போதும் என்கிறார்கள். பாடி வேலை செய்தவர், திறப்பு முழுக்கத் தகரம் வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் ஒழுகாது என்கிறார். எனக்கு அசல் மாதிரியே வேண்டும். எந்தத் துணி, எவ்வளவு, அடியில் என்னென்ன போட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபாடி
முதலில் வெல்டிங்கை நிறுத்துங்கள் தம்பி. மற்றதெல்லாம் பிறகு.

அந்தத் திறப்பு குறை அல்ல, அந்தக் காலத்து பாடியின் அமைப்பே அதுதான். ரூஃப் முழுவதையும் ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் அளவுக்கு அகலமான ஸ்டீல் ஷீட் அப்போது சுலபமாகக் கிடைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 'டரட் டாப்' என்று முழு ஸ்டீல் ரூஃபைக் கொண்டுவந்தது 1935 மாடல்களில். ஃபோர்டு செடான்களுக்கு அது வந்தது 1937இல். அதற்கு முந்தைய மூடிய கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஓரம் தகடு, நடுவில் மரமும் துணியும்தான்.

தகரம் வைத்தால் மூன்று தொல்லை. வெல்டிங் சூட்டில் ஓரத் தகடு நெளியும், அடியில் உள்ள மரம் கருகும். பெரிய தட்டைத் தகடு ஓடும்போது அதிர்ந்து, காருக்குள் பேச முடியாத அளவுக்கு இரைச்சல் போடும். மூன்றாவது, திரும்ப எடுக்க முடியாது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 மத்திய அரசு விதியில், சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்யாத வண்டிதான் வின்டேஜ். துணி மாற்றினால் பராமரிப்பு. தகரம் அடித்தால் பாடி ஷெல்லையே மாற்றியதாகும். வின்டேஜ் வண்டிக்குத் தரும் 'விஏ' நம்பருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த விஷப்பரீட்சையே வேண்டாம்.

துணிநுட்பம்
அந்த இரண்டு விரல் துண்டுதான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. பிய்த்து எறிந்துவிடாதீர்கள். எடுக்கும் முன் போட்டோ எடுங்கள், எந்தப் பக்கம் வண்டியின் முன்பக்கம் என்று குறியுங்கள். கிரெய்ன், அதாவது தோல் மாதிரி அழுத்தி எடுத்த வரிகள், முன்பின்னாக ஓடுகின்றனவா, குறுக்காகவா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். பட்டைக்கு அடியில் வெயில் படாததால் அசல் பளபளப்பும் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

மாடல் ஏ மூடிய கார்களின் ரூஃபுக்கு வந்தது 'கோப்ரா லாங் கிரெய்ன்' என்று வியாபாரிகள் சொல்லும் செயற்கைத் தோல். நெய்த பருத்தித் துணியின்மேல் பைராக்சிலின், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூசி, உருளையில் அழுத்தி வரி எடுத்தது. டூபாண்டின் ஃபேப்ரிகாய்டு, இங்கிலாந்தின் ரெக்சின் எல்லாம் இதே குடும்பம். நைட்ரோசெல்லுலோஸ் வயதானால் தானாகவே சிதைந்து அமில வாயு விடும். அந்த அமிலம் அடியிலுள்ள பருத்தியைத் தின்னும். பழைய உறை வெடித்து, தொட்டால் பொடியாக உதிர்வது அதனால்தான்.

ஒரு மி.மீ துணுக்கை மட்டும் வெட்டி, வெட்டவெளியில் இடுக்கியில் பிடித்துத் தீ காட்டுங்கள். குப்பென்று ஒரே மூச்சில் எரிந்தால் நைட்ரோசெல்லுலோஸ். மெதுவாகக் கரிந்து புகைந்தால் பிவிசியாக இருக்கலாம். அதை உறுதி செய்ய, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி உறையில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசிதான். அப்படியென்றால் அது பின்னாளில் யாரோ மாற்றிய உறை. அதை மாதிரியாக வைத்து வாங்கக் கூடாது.

இன்று கோப்ரா கிரெய்ன் என்ற பெயரில் விற்பவை நெய்த துணிமேல் வினைல் பூசியவை. ரசாயனம் வேறு என்றாலும் வரியும் தோற்றமும் கை வைத்தால் தெரியும் விறைப்பும் பழையதை ஒட்டியே இருக்கும். அமெரிக்காவில் மாடல் ஏ உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். மீட்டராகவும் தருவார்கள், பஞ்சு, ஆணியோடு கிட்டாகவும் தருவார்கள். கிட் வாங்கினால் பாடி வகையைச் சரியாகச் சொல்லுங்கள். டியூடருக்கு வெட்டியது நான்கு கதவு ஃபோர்டோருக்குச் சேராது. ஃபோர்டோரிலேயே பிரிக்ஸ் நிறுவனம் கட்டிய பாடி வேறு, மர்ரி கட்டியது வேறு.

குஷன்கடை_கரூர்
துணிநுட்பம் சார் சொல்வது சரி. ஆனால் இறக்குமதி எல்லோருக்கும் கட்டுபடியாகாது. இங்கே கிடைக்கும் ரெக்சின் எல்லாமே கழிவு என்று ஒதுக்கவும் முடியாது. பஸ் சீட் ரெக்சினை வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் மேல்பக்கம் அல்ல, பின்பக்கம்.

ரோலைத் திருப்பிப் பாருங்கள். பனியன் துணி மாதிரி பின்னல் இருந்தால் அது சீட்டின் வளைவுக்கு இழுபடச் செய்தது. ரூஃபில் போட்டால் சித்திரை வெயிலில் தொய்ந்து நடுவில் குளம் கட்டும். பஞ்சுத்தாள் மாதிரி நெய்யாத துணி இருந்தால் ஆணி ஓட்டையில் கிழிந்துகொண்டே போகும். நெய்த காட்டன் அல்லது பாலிகாட்டன் இருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

நெய்ததிலும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் அரை மீட்டர் வாங்கி 5 செ.மீ அகலம், 25 செ.மீ நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில். நடுவில் 20 செ.மீ குறித்துக்கொண்டு, மேல்முனையைக் கட்டையில் இரண்டு ஆணியால் அடித்து, கீழ்முனையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஒரு நாள் முழுக்க வெயிலில் தொங்கவிடுங்கள். குறித்த 20 செ.மீ 2 மி.மீ-க்கு மேல் நீண்டிருந்தால் ரூஃபுக்கு ஆகாது. ஆணி ஓட்டை வட்டமாகவே இருக்கிறதா, கண்ணீர்த்துளி மாதிரி இழுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இழுபட்டிருந்தால் அதையும் வாங்காதீர்கள்.

சென்னை ஜி.பி. ரோட்டில் தேடினால் நெய்த அடித்துணி வகை கிடைக்கும். நீள வரி கிரெய்ன் கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலும் கூழாங்கல் மாதிரி உருண்டை கிரெய்ன்தான் வரும்.

பழையபாடி
உருண்டை கிரெய்ன் போட்டால் பத்தடி தள்ளி நின்றே தெரிந்துவிடும் கரூர் தம்பி. மாடல் ஏ உயரமான வண்டி, ரூஃப் கண்ணில் படாது என்று சிலர் நினைக்கிறார்கள். பின்பக்கம் சரிந்து இறங்கும் இடம் நேராகக் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. 1920களின் இறுதியில் வந்த 'லெதர்பேக்' ஃபோர்டோரில் பின் மூலைகளும் சேர்ந்து துணிதான். அந்த வண்டிக்கு உள்ளூர் கிரெய்னை நினைத்தே பார்க்க முடியாது. டியூடரில் உறைக்கு ஆகும் துணி கொஞ்சம்தான். இவ்வளவு செலவழித்து பாடியை எடுத்த பிறகு அந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பது நியாயமில்லை.

மாடல்ஏ_சேலம்
செம்புக் கம்பிச் சோதனை செய்தேன், பச்சை வரவில்லை. துணுக்கு குப்பென்று எரிந்தது. வரி முன்பின்னாகத்தான் ஓடுகிறது. இறக்குமதிக்கே போகிறேன். எவ்வளவு வாங்குவது? 137 செ.மீ அகலமும் 152 செ.மீ அகலமும் காட்டுகிறார்கள்.

துணிநுட்பம்
நன்று. அசல் உறையேதான் உங்களிடம் இருக்கிறது. அந்தத் துண்டைக் காற்றுப் போகும் காகித உறையில் போட்டு வண்டிப் பத்திரங்களோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அமில வாயு பக்கத்துக் காகிதத்தையும் கெடுக்கும்.

அளவெடுக்கும்போது நேர்க்கோட்டில் டேப் பிடிக்காதீர்கள். ரீப்பர்மேல் பழைய போர்வையை விரித்து, பஞ்சு வரப்போகும் உயரத்தோடு வளைவின் மேலே டேப்பை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் 15 செ.மீ, இரு பக்கமும் குறைந்தது 8 செ.மீ கூட்டுங்கள். இழுத்துப் பிடிக்கக் கைக்கு அவ்வளவாவது வேண்டும். குறுக்களவு 120 செ.மீ தாண்டினால் 137 அகலத்தில் பிடி கிடைக்காது, 152 வாங்குங்கள். நடுவில் தையல் போட்டு அகலம் கூட்டவே கூடாது. ஊசி ஓட்டை ஒவ்வொன்றும் ஒழுகும். உங்கள் வண்டியின் வெளி விசரும் (முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பு) துணி போர்த்தியது என்றால் அதையும் இதே ரோலில் வெட்ட நீளம் சேருங்கள். அடுத்த ரோலின் கறுப்பு இதே கறுப்பாக இருக்காது.

அனுப்புபவரிடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி, கிரெய்ன் வெளிப்பக்கம் இருக்க அனுப்ப வேண்டும். மடித்து வந்த கோடு கப்பலில் மாதக்கணக்கில் அழுந்தினால் வெயிலில் போட்டாலும் முழுக்கப் போகாது. சுங்கத்தில் பிளாஸ்டிக் பூசிய துணிக்குத் தலைப்பு 5903, ரப்பர் பூசியதற்கு 5906. பில்லில் 'கார் பாகம்' என்று பொதுவாக எழுதாமல் துணியென்றே தெளிவாக எழுதச் சொல்லுங்கள், கேள்வி குறையும்.

கொழும்பு_டூரர்
வணக்கம். என்னுடையது ஆஸ்டின் செவன் டூரர், திறந்த கார், மடிக்கிற துணிக்கூரை (ஹூட்). பஞ்சிகாவத்தையில் கேட்டால் எல்லாரும் வினைல்தான் காட்டுகினம். இதே கோப்ரா கிரெய்னை ஹூட்டுக்கும் போடலாமோ அண்ணை?

துணிநுட்பம்
வேண்டாம் நண்பரே. அது அசையாத ரூஃபுக்கான துணி. மடித்து விரிக்கும் ஹூட்டில் போட்டால் மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். அந்தக் கால டூரர்களுக்கு 'டபுள் டக்' வகைதான் பொருத்தம்: இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே ரப்பர். 'ஸ்டேஃபாஸ்ட்' என்று அமெரிக்க ஹார்ட்ஸ் நிறுவனம் செய்வது அக்ரிலிக் முகம், நடுவில் ரப்பர். கொழும்பு மழைக்கும் வெயிலுக்கும் அது நன்றாகத் தாங்கும், நிறம் போகாது. ஆனால் அதன் முகத்தில் ட்வில் நெசவுச் சாய்கோடு தெரியும். போட்டி நடுவர் பார்க்கப்போகிறார் என்றால் டபுள் டக், தினமும் ஓட்டுவதென்றால் ஸ்டேஃபாஸ்ட் என்பது என் கருத்து. எதுவாக இருந்தாலும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். பருத்தி சுருங்கும், பூஞ்சை பிடிக்கும், அடுத்த முறை ஹூட்டின் முன்சட்டம் கண்ணாடிச் சட்டத்துக்கு எட்டாது.

கொழும்பு_டூரர்
ஓம், விளங்குது. கடற்கரைக்குக் கிட்ட என்றபடியால் ஆணியும் கெதியில் துருப்பிடிக்குது.

குஷன்கடை_கரூர்
கடலோரத்துக்குச் செம்பு ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். சாதா இரும்பு ஆணி துருத்தால் அந்தத் துரு பருத்தி நூலையும் சேர்த்து மக்கச் செய்யும். ஆணி நிற்கும், துணி ஆணியை விட்டுக் கழன்றுவிடும்.

மரவேலை_பொள்ளாச்சி
துணி வருவதற்குள் சேலம் தம்பி மரத்தைப் பார்த்துவிட வேண்டும். நல்ல துணியை உளுத்த மரத்தில் அடித்து என்ன பயன்?

ஆணி இறங்கும் ஓரக்கட்டையைக் கத்தி முனையால் குத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். 3 மி.மீ-க்கு மேல் சுலபமாக இறங்கும் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். மாற்ற பூவரசும் வேம்பும் நல்லவை. ஆணியை இறுக்கிப் பிடிக்கும், பிளக்காது. பிளைவுட்டின் விளிம்பில் ஆணி அடித்தால் அடுக்கு பிரியும். எம்.டி.எஃப் ஒரு மழைக்கு ஊதிவிடும். மரம் நன்றாக இருந்தும் பழைய ஆணி ஓட்டைகள் சல்லடையாக இருந்தால், மூங்கில் குச்சியைச் சீவி, மரப்பசை தோய்த்து அடித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டுங்கள். பட்டியோ எம்-சீலோ வைத்து அடைத்த ஓட்டையில் புது ஆணி நிற்காது.

ரீப்பர் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். கிரீச் என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இப்போது இறுக்கவில்லையென்றால் உறை போட்ட பிறகு அந்தச் சத்தத்துக்கு வழியே இல்லை. ஸ்க்ரூ தலை மரத்துக்குள் 1 மி.மீ ஆழமாவது போக வேண்டும். ரீப்பரின் மேல்விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து துணியில் நேர்க்கோடாக அடையாளம் போடும். செல்லுக்கு (கறையானுக்கு) போராக்ஸ் கரைசல் இரண்டு கோட் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகே மேலே எதுவும் போட வேண்டும்.

குஷன்கடை_கரூர்
இனி உறை போடும் வரிசை.

ரீப்பர்மேல் முதலில் காடாத்துணியை இறுக்கமாக அடியுங்கள். அதை ஒரு முறை துவைத்துச் சுருக்கம் எடுத்திருக்க வேண்டும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அழுத்தினால் 12 மி.மீ அளவுக்கு. இலவம்பஞ்சு வேண்டாம், அதிர்வில் பொடியாகி மூலைக்கு ஓடிவிடும். ஸ்பாஞ்சும் வேண்டாம், வெப்பத்திலும் ஈரத்திலும் நாலைந்து வருடத்தில் மாவாகும், நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மரத்தை உளுக்கும். பருத்திப் பஞ்சுதான் அசலும்கூட. பஞ்சு ஆணிக் கோட்டுக்கு 4 செ.மீ முன்னாலேயே நின்றுவிட வேண்டும், ஓரத்தைக் கையால் பிய்த்து மெலியவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அந்த வெட்டு மேலே படிக்கட்டாகத் தெரியும். ஆணிக் கோட்டுக்குக் கீழே பஞ்சு போனால் விளக்குத்திரி மாதிரி வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். ரூஃப் ஒழுகுவதில் பாதி இந்த இடத்தால்தான்.

துணியை அரைமணி நேரம் வெயிலில் விரித்து இளக்கிக்கொண்டு, நிழலில் வைத்து அடியுங்கள். துணியின் நடுக்கோட்டையும் ரூஃபின் நடுக்கோட்டையும் சாக்பீஸால் குறித்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். முதல் ஆணி முன்பக்க நடுவில், அடுத்தது பின்பக்க நடுவில், பிறகு இரு பக்கங்களின் நடு. எல்லாம் பாதி இறக்கிய தற்காலிக ஆணிகள், 10 செ.மீக்கு ஒன்று. நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் மிச்சத் துணி நடுவில் அலையாகச் சேரும். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் தளர்ந்த இடத்தில் மட்டும் ஆணியைக் கழற்றி இழுங்கள். திருப்தியான பிறகு 2 செ.மீக்கு ஒன்றாக நிரந்தர ஆணி. மூலைச் சுருக்கத்தைச் சின்னச் சின்ன மடிப்பாகப் பிரித்து, மடிப்பின் வாய் கீழ்நோக்கி அல்லது பின்நோக்கி இருக்கும்படி வையுங்கள். 'வி' வெட்டு ஆணிக் கோட்டைத் தாண்டக் கூடாது.

பசை? ரூஃப் நடுவில் ஒரு சொட்டுகூட வேண்டாம். பஞ்சில் பசை இறங்கினால் கட்டி கட்டியாக மேலே தெரியும். ஓரத்தில் ஆணிக் கோட்டுக்கு வெளியே மட்டும் ஃபெவிகால் எஸ்.ஆர் 998 மாதிரி ரப்பர் பசை மெல்லிசாகப் பூசலாம்.

மாடல்ஏ_சேலம்
அண்ணா, ஸ்டேப்ளர் கன் வைத்து அடித்தால் வேகமாக முடியுமே? பட்டை மூடிவிடும்தானே?

குஷன்கடை_கரூர்
பட்டை மூடினாலும் வேண்டாம் தம்பி. ஸ்டேப்ளர் பின்னின் மெல்லிய கம்பி, பூச்சை வெட்டிக்கொண்டு இறங்கும். ஆணியின் அகலத் தலை துணியை அழுத்திப் பிடிக்கும். அடியிலுள்ள காடாத்துணிக்கு வேண்டுமானால் பின் அடித்துக்கொள்ளுங்கள்.

பழையபாடி
கடைசி வேலை நீர்வடிப் பட்டை. அதற்கு அடியில் காய்ந்து இறுகாத பியூட்டைல் மாஸ்டிக்கை (ஒழுகலை அடைக்கும் பசை) ஒரே நீளமாக வையுங்கள், துண்டு துண்டாக அல்ல. வினிகர் வாசனை வரும் சிலிக்கானைத் தொடவே வேண்டாம். அது காயும்போது வரும் அசிட்டிக் அமிலம் ஸ்டீலை அரிக்கும், மேலே பெயின்டும் பிடிக்காது. பட்டையைப் பெயின்ட் முடித்துவிட்டு மாட்டுங்கள். அதன் ஆணி ஒவ்வொன்றையும் மாஸ்டிக்கில் தொட்டுப் பழைய ஓட்டையிலேயே இறக்குங்கள். பிதுங்கி வருவதை மர ஸ்கிராப்பரால் எடுங்கள். தின்னர் துணியால் துடைத்தால் உறையின் பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் போய்விடும்.

உள்கூரைத் துணி மாட்டாமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. பூவாளியால் முன்பக்கமிருந்து பின்னால் கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே டார்ச் அடித்து ஓரக்கட்டை நெடுக விரலால் தடவிப் பாருங்கள். பிரஷர் பைப் வேண்டாம், நல்ல ரூஃபும் அதற்கு ஒழுகும்.

மாடல்ஏ_சேலம்
எல்லோருக்கும் மிக்க நன்றி. வளைவோடு அளந்ததில் குறுக்களவு 120-ஐத் தாண்டுகிறது, 152 அகலத்தில் சொல்லிவிடுகிறேன். பூவரசுப் பலகையும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்: போட்ட பிறகு பளபளப்புக்கு என்ன தடவுவது?

துணிநுட்பம்
ஒன்றும் வேண்டாம். ஈரத்துணியும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரேயைக் கண்டிப்பாகத் தள்ளி வையுங்கள். அது பாடியில் படிந்துவிட்டால் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி குழி குழியாக வரும், அந்த ஷெட்டில் நிற்கும் மற்ற வண்டிகளுக்கும் சேர்த்து. வண்டிக்குப் பிளாஸ்டிக் கவரும் போடாதீர்கள். ஈரம் அடைபட்டு அடிப்பருத்தியில் பூஞ்சை வரும், காடாத்துணி உறையே போதும்.